துலாக்கோலின் நியாயம்

தென் தமிழ்நாட்டிலும் மலையாள தேசத்திலும் முற்காலத்தில் சிறு வியாபாரிகள் கையாண்ட வெள்ளிக்கோல் என்னும் நிறைகோலுக்குப் படிக்கல் வேண்டியதில்லை. ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த மரக்கோல் ஒன்று. சிறுத்த முனையில் பண்டத்தைத் தாங்கத் தட்டோ கொக்கியோ ஒன்று. கோலின்மீது முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க கயிற்று வளையம் ஒன்று. இவ்வளவே அதன் உறுப்புகள். பண்டத்தை மாட்டிக் கயிற்றைப் பற்றித் தூக்கி, கோல் சாயாமல் கிடையாக நிற்கும் இடம் வரையில் கயிற்றை நகர்த்தி, அவ்விடத்தில் கோலில் பதித்திருக்கும் குறியைப் பார்த்தால் எடை தெரிந்துவிடும். பண்டத்துக்கு எதிர்ப்பாரமாக நிற்பது கோலின் சொந்தப் பாரமேயன்றி வேறில்லை. அந்தப் பாரமோ ஒரு பலமளவு பண்டத்தை நிறுத்தாலும் ஐந்து சேர் பண்டத்தை நிறுத்தாலும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது தூரம் ஒன்றுதான்.

அந்தக் குறிகளின் வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் அவை சம இடைவெளியில் அமையவில்லை என்பது புலப்படும். கோலின் எடை ஒரு சேர் என்றும், அதன் ஈர்ப்பு மையம் பண்டம் தொங்கும் முனையிலிருந்து 24 அங்குலத்தில் இருக்கிறதென்றும் கொள்வோம். தட்டின் எடையை இப்போதைக்கு மறந்துவிடலாம். பண்டமே இல்லாதபோது கயிறு ஈர்ப்பு மையத்துக்கு நேரே, அதாவது 24 அங்குலத்தில் நிற்கவேண்டும். ஒரு சேர் பண்டத்தை மாட்டினால் 12 அங்குலத்துக்கு வரவேண்டும். இரண்டு சேருக்கு 8, மூன்று சேருக்கு 6, ஐந்து சேருக்கு 4. பண்டம் கனக்கக் கனக்கக் குறிகள் தட்டின் பக்கமாக நெருங்கி மொய்க்கின்றன. முழுமை, பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று இறங்கும் இந்த வரிசை கணித நூலார் இசைத் தொடர் என்று பெயரிட்டு ஆராயும் வரிசையேயாகும். இத்தகைய கோலைச் செய்து குறி பதித்த தச்சன் இதைச் சூத்திரமாக எழுதி வைத்தவனல்லன். தெரிந்த எடைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக் குறியிட்டவன். ஆயினும் இயற்கை அவன் கையில் வைத்த வரிசை இதுவே.

இங்கேதான் நம் விசாரணை தொடங்குகிறது. பாரம் என்பது பதார்த்தத்தின் குணம். கையில் எடுத்தால் அழுத்துவது. தூரமோ வெறும் இடைவெளி. அதற்குக் கனமுமில்லை, வலிமையுமில்லை. அப்படியிருக்க, பாரத்தில் குறைந்ததைத் தூரத்தால் ஈடு செய்யலாம் என்பதும், அந்த ஈடு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று அணுவளவும் பிசகாத கணக்காக அமைகிறது என்பதும் எதனால்? பள்ளிப் பாடநூல் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லும்: விசையின் அளவையும், சுழற்புள்ளியிலிருந்து அவ்விசை செயற்படும் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன்; வலஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை இடஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகைக்குச் சமமானால் பொருள் சுழலாமல் நிற்கும். விடை சரியே. ஆனால் அந்த ஒரு வரியில் உள்ள ‘பெருக்கினால்’ என்பதும் ‘செங்குத்துத் தூரம்’ என்பதும் மனித அறிவுக்கு எவ்வளவு தாமதமாகவும் எவ்வளவு விவாதத்துக்குப் பின்பும் வசமாயின என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்குவதும், அவருடைய மாணாக்கர் பரம்பரையில் வந்த ஒருவர் இயற்றியதென்று அறிஞர் பெரும்பாலோர் கருதுவதுமான ‘யந்திரப் பிரச்சினைகள்’ என்ற கிரேக்க நூல் இக்கேள்வியை நேராகவே எழுப்புகிறது. சிறு எதிர்ப்பாரத்தைக் கொண்டு பெரிய இறைச்சித் துண்டுகளை நிறுக்கும் கோலைப் பற்றியும், பெரிய தராசு சிறிய தராசைக் காட்டிலும் நுட்பமாக நிறுப்பது ஏன் என்பதைப் பற்றியும் அதில் ஆராய்ச்சி உண்டு. அந்நூலாசிரியர் காணும் காரணம் வட்டம். கோல் அசையும்போது அதன் இரு முனைகளும் வட்டத்தின் பகுதிகளை வரைகின்றன. மையத்திலிருந்து தொலைவிலுள்ள முனை அதே நேரத்தில் பெரிய வில்லை வரைகிறது, ஆதலால் வேகமாகச் செல்கிறது. அந்த வேகமே பாரத்தின் குறையை நிரப்புகிறது என்பது அவர் கருத்து. 1586ஆம் ஆண்டில் நிறைநூல் ஒன்றை வெளியிட்ட நெதர்லாந்து தேசத்து சைமன் ஸ்டெவின் இதைப் பரிகசித்து ஒதுக்கினார்: சமநிலையில் இருக்கும் தராசு அசைவதே இல்லை, அசையாத ஒன்று எந்த வட்டத்தையும் வரைவதில்லை, நிகழாத ஒரு செயல் நிகழ்கின்ற ஒன்றுக்குக் காரணமாவது எவ்வாறு? கேட்டவுடன் வாயடைக்கும் நியாயம் இது. ஆனால் யந்திர சாஸ்திரத்தின் பிற்கால வரலாற்றில் ஸ்டெவின் எள்ளி ஒதுக்கிய அந்த ‘நிகழாத அசைவு’தான் மிகப் பெரிய கருவியாக எழுந்தது. கணித அறிஞர் யோஹான் பெர்னூலி, வரிஞோன் என்ற மற்றொரு கணித அறிஞருக்கு எழுதி, பின்னவருடைய 1725ஆம் ஆண்டு நூலில் அச்சேறிய கடிதமொன்றில், சமநிலையிலுள்ள ஓர் அமைப்பை மனத்தால் சிறிது அசைத்துப் பார்த்தால் ஒவ்வொரு விசையும் தான் நகரும் சிறு தூரத்தோடு பெருகி வரும் தொகைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று பொது விதி வகுத்தார். கிரேக்க நூலாசிரியரின் ஊகம் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்து நியாயம் பெற்றது என்றே சொல்லலாம்.

அசைவையே எடுக்காமல், நிற்கின்ற கோலை நிற்கின்ற கோலாகவே வைத்து இவ்விதியை நிரூபிக்க முயன்றவர் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய ‘தளங்களின் சமநிலை’ என்னும் நூல், எவரும் மறுக்கத் துணியாத சில அங்கீகாரங்களோடு தொடங்குகிறது. சம பாரங்கள் சம தூரத்தில் தொங்கினால் கோல் சாயாது. சம பாரங்கள் சமமற்ற தூரத்தில் தொங்கினால் தொலைவிலுள்ள பக்கம் தாழும். சமநிலையிலுள்ள பாரங்களுள் ஒன்றோடு ஏதேனும் சேர்த்தால் சேர்த்த பக்கம் தாழும். இவற்றில் எண்ணுமில்லை, விகிதமுமில்லை. இடமும் வலமும் ஒத்திருக்கையில் ஒரு பக்கம் சாய்வதற்குக் காரணமில்லை என்ற அளவே முதல் அங்கீகாரத்தின் சாரம். இந்த எளிய அடிப்படையிலிருந்து, பாரங்கள் தூரங்களுக்கு எதிர் விகிதத்தில் இருந்தால் சமநிலை ஏற்படும் என்ற கண்டிப்பான கணித விதியை ஆறாவது, ஏழாவது தேற்றங்களில் அவர் எட்டிவிடுகிறார். அவர் சென்ற வழியைச் சிறு எண்களைக் கொண்டு காட்டுவது எளிது.

எடையற்ற நேர்க்கோல் ஒன்றின்மேல் ஒரே எடையுள்ள ஆறு கற்களை இரண்டிரண்டு சாண் இடைவெளியில் வரிசையாக வைத்து, வரிசையின் நட்ட நடுவில் கோலைத் தாங்குவோம். தாங்கு புள்ளிக்கு இருபுறமும் ஒரு சாண், மூன்று சாண், ஐந்து சாண் தூரங்களில் மும்மூன்று கற்கள் இருக்கும். இடமும் வலமும் ஒத்திருப்பதால் கோல் சாயாது. இப்போது இடக்கோடியிலிருந்து முதல் நான்கு கற்களை ஒரு குழுவாகவும் எஞ்சிய இரண்டை மற்றொரு குழுவாகவும் பிரித்துக்கொள்வோம். நான்கு கற்கள் கொண்ட குழுவின் நடுவிடம் தாங்கு புள்ளிக்கு இடப்புறம் இரண்டு சாண் தூரத்திலும், இரண்டு கற்கள் கொண்ட குழுவின் நடுவிடம் வலப்புறம் நான்கு சாண் தூரத்திலும் விழுகின்றன. பரந்து கிடக்கும் கற்களை அவற்றின் நடுவிடத்தில் குவித்து வைத்தாலும் கோலின்மீது அவற்றின் செயல் மாறாது என்று ஒப்புக்கொண்டால், நான்கு கற்கள் இரண்டு சாணிலும் இரண்டு கற்கள் நான்கு சாணிலும் சமநிலை பெறுகின்றன என்பது முடிந்த முடிபு. எந்த எண்ணை எடுத்தாலும் இதே வழி. பொது அளவில்லாத பாரங்களுக்கும் விதியை நீட்டுவதே ஏழாவது தேற்றம். கணித உலகில் இதற்கு இணையான அழகுடைய நிரூபணங்கள் சிலவே உண்டு.

இந்த அழகில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறதென்று 1883ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் மாக் எழுதினார். யந்திர சாஸ்திரத்தின் வரலாற்றை விமரிசன நோக்கில் ஆராயும் அவரது ஜெர்மன் நூல், நியூட்டனின் கருத்துகளையே குடைந்து பார்த்த நூலாதலால், ஆர்க்கிமிடீஸை விட்டுவைக்காததில் வியப்பில்லை. அவருடைய ஆட்சேபம் இது: சம பாரம், சம தூரம், சமநிலை என்ற ஒப்புமையிலிருந்து தூரம் எந்த வகையில் கணக்கில் சேர்கிறதென்பதை வெறும் சிந்தனையால் பிழிந்தெடுக்க முடியாது, ஆகவே விடை எங்கேயோ வழியில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்திருக்கவேண்டும். நுழைந்த இடம், கற்களை நடுவிடத்தில் குவிக்கலாம் என்ற அந்தச் சாதுவான வாக்கியமே.

மாக்கின் ஆட்சேபம் எவ்வளவு கூரியது என்பதை ஒரு கற்பனை உலகத்தைப் படைத்துப் பார்த்தால் உணரலாம். அவ்வுலகில் பாரத்தின் செயல் தூரத்தின் அளவாலன்றித் தூரத்தின் வர்க்கத்தால் பெருகுகிறதென்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் சம பாரங்கள் சம தூரத்தில் சாயாமல் நிற்கும். சமமற்ற தூரத்தில் தொலைவுள்ள பக்கம் தாழும். ஒரு பக்கம் கூட்டினால் அந்தப் பக்கம் தாழும். ஆர்க்கிமிடீஸின் அங்கீகாரங்களுள் நாம் மேலே கண்ட மூன்றில் ஒன்றுகூட அங்கே பொய்க்காது. ஆனால் மூன்று சாண் தூரத்தில் இருக்கும் இரண்டு கற்களை, இரண்டு சாணில் ஒன்றும் நான்கு சாணில் ஒன்றுமாகப் பிரித்து வைத்தால் என்ன ஆகும்? நம் உலகக் கணக்கில் முன்பு இருமூன்று ஆறு; பின்பு இரண்டும் நான்கும் ஆறு; மாற்றமில்லை. கற்பனை உலகக் கணக்கிலோ முன்பு இருமுறை ஒன்பது பதினெட்டு, பின்பு நான்கும் பதினாறும் இருபது, கோல் சாய்ந்துவிடும். ஆக, பிரித்து வைத்தாலும் குவித்து வைத்தாலும் செயல் ஒன்றே என்று ஒப்புக்கொண்ட கணத்திலேயே நாம் தூரத்தின் வர்க்கத்தையும் கனத்தையும் பிற எல்லாவற்றையும் தள்ளி, தூரத்தின் நேர் அளவை மட்டும் தேர்ந்துகொண்டு விட்டோம். நிரூபிக்கப்பட வேண்டியதே நிரூபணத்துக்குள் அமர்ந்திருக்கிறது.

இதற்கு மறுமொழி இல்லாமற் போகவில்லை. ஜியோவான்னி வைலாத்தி என்ற இத்தாலியரும், பின்னர் ஆர்க்கிமிடீஸின் நூல்களை முற்றாக ஆராய்ந்த டைக்ஸ்டர்ஹாய்ஸ் என்ற டச்சு அறிஞரும், ஆர்க்கிமிடீஸுக்கு ஈர்ப்பு மையம் பற்றிய ஒரு தெளிந்த கோட்பாடு முன்னரே இருந்ததென்றும், குவித்து வைக்கும் செயல் அக்கோட்பாட்டின் பலத்தில் நிற்பதேயன்றித் திருட்டு வழியில் வந்ததன்றென்றும் வாதித்தனர். என் கருத்தில் இரு தரப்பும் ஒரு பாதியளவில் சரி. இரு கற்களைச் சிறு கோல் ஒன்றின் இரு முனைகளில் வைத்து, அக்கோலின் நடுவில் கயிறு கட்டிப் பெரிய கோலில் தொங்கவிட்டால், கயிறு இரண்டு கற்களின் முழுப் பாரத்தையும் ஒரே இடத்தில் இறக்குகிறது. தாங்குகின்ற புள்ளி தான் தாங்குவனவற்றின் மொத்தப் பாரத்தைச் சுமக்கிறது என்ற இந்த உண்மையை ஒருவன் சிந்தித்துக் கண்டதில்லை. சும்மாடு கட்டிச் சுமை தூக்கிய ஒவ்வொருவனுடைய கழுத்தும் கண்டது. எனவே ஆர்க்கிமிடீஸ் பிரத்தியட்சத்தை விலக்கி அனுமானத்தால் மட்டும் வென்றார் என்று அவருடைய அபிமானிகள் கொண்டாடுவது மிகை. அவர் ஒன்றுமே நிரூபிக்கவில்லை என்பதும் மிகை. விகிதம் என்னும் கடினமான அனுபவத்தை, மொத்தம் என்னும் எளிதான அனுபவத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். விஞ்ஞானத்தில் நிரூபணம் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் இத்தகைய இடமாற்றமே.

விகிதம் தீர்ந்தது, தூரம் தீரவில்லை. கோல் நேராகவும் கிடையாகவும் இருக்கும் வரையில் தூரம் என்றால் கோலின் நீளம் என்று எவரும் சொல்லிவிடலாம். முழங்கையைப்போல் வளைந்த கோலில், அல்லது ஒருபுறம் தாழ்ந்து நிற்கும் கோலில், எதைத் தூரமென்று அளப்பது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், வாழ்க்கை வரலாறு ஏதும் எஞ்சாதவருமான யோர்தானுஸ் என்பவரின் பெயரால் வழங்கும் லத்தீன் நூல் ஒன்று இதற்குத் தெளிவான விடை கண்டது: வளைந்த கோலின் இரு முனைகளிலும் சம பாரங்கள் தொங்கும்போது, தாங்கு புள்ளியின் நேர்க்குத்துக் கோட்டிலிருந்து அவற்றின் கிடைத்தூரங்கள் ஒத்திருந்தால் சமநிலை, கைகளின் நீளம் ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. இடைக்காலத்தவர் இருளில் கிடந்தார்கள் என்று சொல்லிப் பழகிய ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களுக்கு, பியேர் துஹேம் 1905ஆம் ஆண்டில் இந்நூலை எடுத்துக் காட்டி நிலையியலின் மூலங்களைப் பற்றி எழுதியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. யோர்தானுஸின் வழிவந்த நூல்களைக் கற்ற லியனார்டோ டா வின்ஸி தம் குறிப்பேடுகளில் கண்ணுக்குத் தெரியும் கையையும் செயலளவிலுள்ள கையையும் வேறு பிரித்து, இழுக்கும் கயிற்றின் கோட்டுக்குச் செங்குத்தாக மையத்திலிருந்து வரையும் கோடே உண்மையான கை என்று வரைந்து காட்டினார். மிதிவண்டியின் மிதிகட்டை உச்சியில் நிற்கும்போது அதன்மேல் முழு உடம்பின் பாரத்தையும் இறக்கினாலும் சக்கரம் அசையாதிருப்பதும், அது கிடையாக வந்தவுடன் சிறு அழுத்தத்துக்கே இணங்குவதும் இதனால்தான். உச்சியில் இரும்புக் கை அதே நீளத்தில் இருந்தாலும் செயலளவிலுள்ள கை சூனியம். வரிஞோன் 1687இல் வெளியிட்ட திட்ட நூலிலும், அவர் மறைந்தபின் 1725இல் வெளிவந்த பெருநூலிலும் இக்கருத்து வடிவ கணிதத்தின் உறுதி பெற்றது: ஒரு புள்ளியில் கூடும் பல விசைகளின் திருப்புத்திறன்களைக் கூட்டினால் வருவதும், அவ்விசைகளின் தொகுபயன் தரும் திருப்புத்திறனும் ஒன்றே.

இடையே கலிலியோவின் இளமைக்கால விளையாட்டு ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1586இல், இருபத்திரண்டு வயதில், உலோகக் கலப்பை நீரில் நிறுத்துக் கண்டுபிடிக்கும் சிறு தராசு ஒன்றை அவர் விவரித்தார். எதிர்ப்பாரத்தைக் கோலின்மீது எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டியிருக்கிறது என்பதே அதில் அளவை. அத்தூரத்தை நுட்பமாக அளக்கக் கோலைச் சுற்றி மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினார். கம்பிச் சுற்றுகளைக் கண்ணால் எண்ணுவது கடினமாகையால், கூரிய குத்துவாளின் முனையை அவற்றின்மேல் மெல்ல இழுத்து, எழும் ஒலியைச் செவியால் கேட்டும் தடையை விரலால் உணர்ந்தும் எண்ணலாம் என்றார். சங்கீத வித்துவானின் மகன் அல்லவா!

திருப்புத்திறனை ஒருவன் தன் உடம்பாலேயே கூட்டியும் குறைத்தும் வாழ்ந்ததற்குத் தமிழ்நாட்டு ஏற்றத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. நட்ட காலின்மேல் நடுவே ஆடும் துலா. அதன் ஒரு முனையில் நீண்ட கோலும் கோலில் சாலும். துலாவின் மேலேயே ஏற்றம் மிதிப்பவர் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் கோலைப் பற்றிச் சாலை முக்கி, மேலே வந்ததும் கவிழ்ப்பார். ஒரு கணக்குக்காக, நீர் நிறைந்த சாலின் பாரம் 40 கிலோ என்றும் அது அச்சிலிருந்து 3 மீட்டரில் தொங்குகிறதென்றும் கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் மறுபுறம் 2 மீட்டரைத் தாண்டி ஓரடி வைத்த மாத்திரத்தில் சால் எழத் தொடங்கும். அவர் அச்சுக்கு நேரே வரும்போது துலாவின்மேல் அவர் முழுப் பாரமும் இருக்கிறது, அவருடைய திருப்புத்திறனோ இல்லை. அச்சைக் கடந்து கிணற்றுப் பக்கம் கால் வைத்ததும் அதே உடம்பு வெறுஞ்சாலைக் கீழிறக்கத் துணை செய்கிறது. எடை மாறாமல் நிற்க, தூரம் மட்டும் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கும் நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கும் ஊசலாடுகிறது. அவர் செய்யும் உழைப்பு எங்கே என்று வெளியூரான் ஒருவன் கேட்கக்கூடும்; நடப்பதுதானே, நீரை அவர் தூக்கவில்லையே என்று. உண்மையில், பின்முனை தாழ்ந்தபின் மீண்டும் அச்சை நோக்கி வரும்போது சரிந்த துலாவில் தம் உடம்பை அவர் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு சாலுக்கும் ஒரு சிறு குன்றேற்றம். நீர் ஏறிய உயரத்துக்கான விலை அங்கே செலுத்தப்படுகிறது. பல தலைமுறைகளாக ஏற்றப் பாட்டின் எண்ணிக்கையோடு இந்த விலை செலுத்தப்பட்டு வந்தது.

விலையின்றித் தூரம் எதையும் தருவதில்லை என்பதை மறந்துவிட்டால் விபரீதமான கற்பனைகளுக்கு இடமுண்டாகும். நிற்பதற்கு ஓர் இடம் அகப்பட்டால் பூமியையே நெம்பிவிடலாமென்று ஆர்க்கிமிடீஸ் பெருமை பேசியதாக நான்காம் நூற்றாண்டு பாப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். பூமியின் நிறை கிலோகிராமில் 6 எழுதி அதன்பின் 24 சுழிகள் இட்ட எண்ணாகும். அவ்வளவு பாரம் தரையில் கிடப்பதாகவே கற்பனை செய்து, அதை 60 கிலோ எடையுள்ள ஆர்க்கிமிடீஸ் தம் உடம்பால் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்த்த விரும்பினால், நெம்புகோலின் மறுமுனையில் அவர் செல்லவேண்டிய தூரம் ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. அதாவது நம் பால்வீதி மண்டலத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை. விதி பொய்க்கவில்லை, ஆயுள்தான் போதாது.

இதே விலையை எதிர்த்திசையில் செலுத்துகிறது நம் உடம்பு. 1680-81இல், ஆசிரியர் இறந்தபின் வெளிவந்த ‘பிராணிகளின் இயக்கம்’ என்ற நூலில் பொரெல்லி, தசைகளையும் எலும்புகளையும் நெம்புகோல் கணக்கால் ஆராய்ந்து, அக்காலத்தவர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார்: தசை தான் தூக்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு வலிமையோடு இழுக்கவேண்டியிருக்கிறது. முழங்கை மூட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி உள்ளங்கையில் 5 கிலோ இருந்தால், மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில் எலும்பைப் பற்றியிருக்கும் மேற்கைத் தசை, கையின் சொந்த எடையை விட்டுவிட்டாலும், 35 கிலோவுக்குச் சமமான விசையோடு இழுக்கவேண்டும். இது சிருஷ்டியின் கஞ்சத்தனமன்று. தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழு சென்டிமீட்டர் வீச்சுப் பெறுகிறது. கல்லெறிவதற்கும் ஓடுவதற்கும் வேண்டியது பாரம் தூக்கும் திறமையன்று, வேகம்.

பொரெல்லியின் நூல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நெம்புகோல் விதியில் மர்மம் எதுவுமில்லை என்று எண்ணியிருந்த கற்றோர் கூட்டத்தின் முன், பாரிஸ் நகரத்து அரச விஞ்ஞானக் கழகத்தில், 1669ஆம் ஆண்டு ஜில் பெர்ஸோன் த ரோபர்வால் ஒரு விசித்திரத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த ஆண்டு அதன் விவரம் அச்சிலும் வந்தது. நேராக நிற்கும் ஒரு கம்பத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரு கோல்கள், ஒவ்வொன்றும் தன் நடுவில் அச்சாணியில் ஆடும்படி பொருத்தப்பட்டிருந்தன. இரு கோல்களின் முனைகளையும் இருபுறமும் நேர்குத்தான இரு சட்டங்கள் அச்சாணிகளால் இணைத்தன. இதனால் கோல்கள் எப்படிச் சாய்ந்தாலும் சட்டங்கள் சாயாமல் நேர்குத்தாகவே ஏறி இறங்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கிடையாக ஒரு கை இறுகப் பதிந்து உள்ளும் புறமும் நீண்டிருந்தது. ரோபர்வால் இரு சம பாரங்களை அக்கைகளில் தொங்கவிட்டு, ஒன்றை வெளிக்கோடி வரையில் தள்ளியும் மற்றொன்றைக் கம்பத்துக்கு அருகே உட்புறமாக இழுத்தும் காட்டினார். தராசு அசையவே இல்லை! தூரம் எவ்வளவு மாறினாலும் சமநிலை மாறாத ஒரு நிறைகோல். ஆர்க்கிமிடீஸின் விதி கண்ணெதிரே பொய்யானது போன்ற தோற்றம்.

தோற்றமே. கோல்களைச் சிறிது அசைத்ததாக எண்ணிப் பார்த்தால் விடை ஒருவாறு எளிது: ஒரு சட்டம் எவ்வளவு இறங்குகிறதோ மற்றது அவ்வளவே ஏறுகிறது; சட்டம் சாயாததால் அதனோடு ஒட்டிய கையில் எந்த இடத்தில் பாரம் தொங்கினாலும் அது சட்டத்தின் அளவே ஏறும், இறங்கும்; ஆகவே பாரம் மட்டுமே பொருட்டு, இடம் பொருட்டன்று. பெர்னூலியின் விதிக்கு இதைவிட நல்ல சாட்சி தேடவேண்டியதில்லை. ஆனால் ‘தள்ளி வைத்த பாரத்தின் கூடுதல் திருப்புத்திறன் எங்கே போயிற்று?’ என்ற கேள்வி அதனால் அடங்குவதில்லை. எண் பூஜ்யமாகிவிட்டது என்று கேட்டவனுக்குச் சொல்லலாம். அவன் கேட்பதோ கணக்கையன்று, காரணத்தை.

அக்காரணத்தை முழுமையாக விளக்கும் கருத்து 1803ஆம் ஆண்டில் லூயி புவான்ஸோ வெளியிட்ட நிலையியல் நூலில்தான் பிறந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சம அளவும் எதிர்த்திசையும் உள்ள இரு விசைகள் ஒரே கோட்டில் செயற்பட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் இணைகோடுகளில் செயற்பட்டால் அழிவதில்லை. அவை பொருளை எந்தப் பக்கமும் நகர்த்துவதில்லை. சுழற்ற மட்டும் செய்கின்றன. திருகாணியைத் திருகும் கை செய்வது இதுவே. இந்த விசை இரட்டையை வேறு எந்த ஒற்றை விசையாலும் ஈடு செய்ய முடியாது; இதன் திருப்புத்திறனோ எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாலும் ஒன்றே. அதுவரை திருப்புத்திறன் என்பது விசையின் நிழலாக, ஏதேனும் ஒரு தாங்கு புள்ளியைச் சார்ந்தே கணக்கிடத்தக்கதாக இருந்தது. புவான்ஸோ அதை விசைக்குச் சமமான, விசையைப் போலவே கூட்டவும் கழிக்கவும் தக்க ஒரு தனிப் பதார்த்தமாக்கினார். ஒரு பொருள் முற்றிலும் அமைதியாக நிற்க விசைகளின் தொகை சூனியமாதல் போதாது, இரட்டைகளின் தொகையும் தனியே சூனியமாகவேண்டும் என்று இன்று நாம் கூறும் இருவகை நிபந்தனை அங்கிருந்து வந்தது. ஆர்க்கிமிடீஸுக்குப்பின் இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய சிந்தனை இதுவென்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. வரிஞோனைவிடப் புவான்ஸோ பெயர் குறைவாக வழங்குவது வரலாற்றின் அநியாயங்களுள் ஒன்று.

இக்கருத்தோடு ரோபர்வாலின் தராசுக்குத் திரும்பினால் புதிர் அவிழ்கிறது. கையின் கோடியில் தொங்கும் பாரம் இரு செயல்களாகப் பிரிகிறது: சட்டத்தின் நேர்க்கோட்டில் அதே பாரம் ஒன்று, சட்டத்தை வெளிப்புறமாகக் கவிழ்க்க முயலும் இரட்டை ஒன்று. சட்டத்தின் நேர்க்கோட்டிலுள்ள பாரம் கோலை ஆட்டுகிறது. அதற்கு எதிர்ப்புறத்துச் சம பாரம் ஈடு. இரட்டையோ மேற்கோலை இழுக்கவும் கீழ்க்கோலைத் தள்ளவும் செய்கிறது. இந்த இழுப்பும் தள்ளலும் கோல்களின் நீளவாக்கில் அவற்றின் அச்சாணிகளுக்கு நேராகவே செல்வதால் கோல்களை ஆட்ட அவற்றால் இயலாது. கம்பம் அவற்றை வாங்கித் தரையில் இறக்கிவிடுகிறது. காணாமற்போன திருப்புத்திறன் காணாமற் போகவேயில்லை. தராசின் அடித்தளத்தை மௌனமாகக் கவிழ்க்க முயன்றுகொண்டிருந்தது. கம்பத்தைத் தரையில் ஊன்றாமல் சிறு பீடத்தில் நிறுத்தி, ஒரு பாரத்தை மிக நெடுந்தூரம் தள்ளினால், கோல்கள் கிடையாக இருந்தபடியே முழுத் தராசும் தலைகுப்புற விழும்.

இதன் வழிவந்தவையே நம் மளிகைக் கடைகளில் நெடுநாள் புழங்கிய மேசைத் தராசுகள். கோல் கீழேயும் தட்டுகள் மேலேயுமாக அமைந்த அவற்றில், பருப்புப் பொட்டலத்தைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். நிற்கவேண்டும் என்பது சாஸ்திரம். நடைமுறையில் ஓரத்தில் வைத்த பாரத்தின் இரட்டை அச்சாணிகளைப் பக்கவாட்டில் நெருக்குவதால் உராய்வு கூடி முள் சோம்புகிறது. கீழ்க்கோலின் நீளம் மேற்கோலின் நீளத்திலிருந்து மயிரிழை மாறியிருந்தாலும் சட்டம் நேர்குத்தாக ஏறி இறங்காது, எடையே மாறிவிடும். ஆகையினால்தான் இத்தகைய தராசுகளைச் சோதிப்பவர்கள் படிக்கல்லைத் தட்டின் நடுவில் மட்டும் வைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், முன்னோரம், பின்னோரம், பக்கவோரம் என்று நகர்த்தி வைத்தும் முள்ளைப் பார்க்கிறார்கள்.